லைன் இல்லாத நேரத்தில் மடல் யார் கையில்?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரித் தட்டில் இருக்கும் பழைய லேப்டாப்தான், 140 பேர் கொண்ட எங்கள் ஏரிக் குழுவின் மடலாடற்குழுவை (ஒருவர் எழுதும் மின்மடல் எல்லாருக்கும் போகும் ஏற்பாடு) மெயில்மேன் என்ற மென்பொருளை வைத்து நடத்துகிறது. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். தெருவில் பள்ளம் தோண்டிக் கேபிளை அறுத்துவிட்டால் இணைய லைன் எப்போது வரும் என்றே தெரியாது. அந்த நேரத்தில் வரும் மடல்களை யார் வைத்திருப்பது? மடலை வீட்டுக்குக் கொண்டுவரும் நான்கு வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலாவது, மடல் நேராக வீட்டு சர்வருக்கே, அதாவது அந்த லேப்டாப்புக்கே வரட்டும் என்று விடலாம். அனுப்பும் சர்வர் சும்மா விட்டுவிடாது. நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது மின்மடல் பரிமாற்ற விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321 ஆவணம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருளின் இயல்புநிலையும் 5 நாள்தான். ஆனால் முயற்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். லைன் வந்து ஒரு மணி நேரம் ஆகியும் ஒருவர் கேட்ட கேள்வி வராது, அதற்கான பதில் முதலில் வந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு 5 நாள் பெரிய கெடு இல்லை. தவிர, பல வீட்டு இணைப்புகளில் வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி பொது ஐபி (இணைய முகவரி) கிடையாது. அங்கே இந்த வழியே அடைபட்டுவிடும்.

இரண்டாவது, வெளியே ஒரு மாற்று எம்எக்ஸ் (நமக்காக மடலை வாங்கி வைக்கும் சர்வர்) வைத்து, லைன் வந்ததும் ‘காத்திருப்பதை அனுப்பு’ என்னும் ஈடிஆர்என் கட்டளையால் வரிசையை விடுவிக்கலாம். 1996-லேயே வந்த வசதி. ஆனால் அந்த சர்வர் நம் வீட்டைத் தேடி வர நிலையான முகவரி வேண்டும். இல்லாத முகவரிக்கு வரும் குப்பை மடல்களையும் அது வாங்கி வைத்துவிடும்.

மூன்றாவது, வெளியே ஒரு அஞ்சல்பெட்டி, வீட்டில் அதிலிருந்து மடலை எடுத்துவரும் ஃபெட்ச்மெயில் மென்பொருள். இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன். பெட்டியிலிருந்து மடலை எடுக்கும் பழைய முறையான பாப்3-இல் அழிக்கச் சொன்ன மடல், இணைப்பை முறையாக முடித்தால்தான் உண்மையில் அழியும். 40 மடலில் 31 வந்ததும் லைன் போனது. மறுபடி இணைந்தபோது 40-உம் பெட்டியில் அப்படியே இருந்தன. அந்த 31 மடலும் எல்லாருக்கும் இரண்டாம் முறை போயின. “தம்பி, எல்லாம் ரெண்டு ரெண்டா வருதே” என்று ஒரு அம்மா போன் செய்தார். ஐமேப் என்ற இன்னொரு முறைக்கு மாறி, ஒவ்வொரு மடலாக அழிக்கும்படி வைத்த பிறகுதான் நின்றது. இன்னொன்று: எல்லா முகவரிக்கும் ஒரே பெட்டி வேண்டாம். மடலின் உறையில் (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர், பெறுநர் விவரம்) இருந்த முகவரி தொலைந்து, மடல் குழுவுக்கு வந்ததா, போய்ச் சேராமல் திரும்பி வந்த மடலா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். தனித்தனிப் பெட்டி வையுங்கள்.

நான்காவது யூயூசிபி, கணினிகளுக்கு இடையே கோப்புகளை அனுப்பும் பழைய முறை. 1970-களில் டெலிபோன் லைனில் விட்டுவிட்டு இணையும் கணினிகளுக்கென்றே பிறந்தது. உறை முகவரி அப்படியே வரும். மறுமுனை ‘வந்தது’ என்ற பிறகே, கோப்பு கோப்பாக அழிக்கும். இன்று எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பு வழியாகவும் ஓட்டலாம். மறுமுனைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

வெளியே போகும் மடலுக்கு ஒப்பீடே வேண்டாம்: வீட்டு ஐபியிலிருந்து நேராக அனுப்பினால் பலர் ஏற்க மாட்டார்கள். கடவுச்சொல்லோடு 587-ஆம் போர்ட் (மடலை ஒப்படைப்பதற்கான இணைப்பு வாசல்) வழியாக இன்னொரு சர்வரிடம் கொடுத்துவிடுங்கள்.

வெளியே சர்வர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் யூயூசிபிதான் என்பேன். எனக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. அதனால் அலமாரியில் ஃபெட்ச்மெயிலே ஓடுகிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.