ஏ.எம்.ஏ.சி.ஆர். சாயமா, பி63 சாயமா?

புரோஸ்டேட் பயாப்சியில் (ஊசியால் எடுத்த திசுவின் சோதனையில்) நான்கைந்து சிறு சுரப்பிகள் மட்டும் புற்றோ என்ற ஐயத்துக்கு இடமளிக்கும்போது, சாயமேற்றி எந்தப் புரதத்தைத் தேடுவது என்ற கேள்வி எழுகிறது.

காட்டுவது: ஏ.எம்.ஏ.சி.ஆர். என்னும் நொதி, புற்றுச் செல்களின் சைட்டோபிளாசத்தில் துகள் துகளாகச் சாயமேறித் தெரியும். பி63 புரதமோ புற்றில்லாத நல்ல சுரப்பியைச் சூழ்ந்த அடித்தளச் செல்களின் உட்கருவில் இருக்கும். புற்றில் அந்த வளையமே காணாமற்போகும்.

புற்றுக்கு முந்தைய நிலை: உயர்தர பி.ஐ.என். எனப்படும், புற்றுக்கு முந்தைய சுரப்பி மாற்றத்திலும் ஏ.எம்.ஏ.சி.ஆர். பெரும்பாலும் ஏறுவதால், அதை மட்டும் கொண்டு புற்றையும் பி.ஐ.என். மாற்றத்தையும் பிரித்தறிய இயலாது. பி63 இங்கேதான் கைகொடுக்கிறது: பி.ஐ.என். சுரப்பியின் ஓரத்தில் பி63 சாயமேறிய பழுப்புப் புள்ளிகள், அறுந்த மணிமாலைபோல் இடைவெளி விட்டேனும் நிற்கும்.

ஏமாற்றும் இடம்: நுரைச் சுரப்பிப் புற்று போன்ற சில வகைகளில் ஏ.எம்.ஏ.சி.ஆர். மங்கிவிடும்; ஓரளவு நலிந்த நல்ல சுரப்பியிலும் பி63 விடுபடலாம். பி63 சாயம் ஏறாததை மட்டுமே சான்றாக வைத்துப் புற்று என்று எழுதுவது எனக்கு உவப்பானதன்று.

நல்ல சுரப்பிகளுக்கிடையே ஒளிந்திருக்கும் சிறு புற்றைக் கண்ணில் படவைக்க ஏ.எம்.ஏ.சி.ஆர். ஏற்றது, புற்றா, பி.ஐ.என். மாற்றமா என்ற ஐயத்துக்கு பி63 ஏற்றது. ஊசியில் வந்த திசுவை மேலும் மேலும் சீவினால் ஐயத்துக்குரிய சுரப்பியே தீர்ந்துபோகக்கூடும் என்பதால், ஒரே கண்ணாடிச் சில்லில் சிவப்பும் பழுப்புமாக இரண்டையும் ஏற்றும் கலவைச் சாயத்தையே பல ஆய்வகங்கள் கையாளுகின்றன.