பத்து மில்லிகிராமுக்குக் கீழே: ப்ரெட்னிசோலோனை விட்டு இறங்குவது

முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), குடல் அழற்சி, பாலிமயால்ஜியா (தோள், இடுப்புப் பகுதி வலித்து விறைக்கும் நோய்) என எந்த நோய்க்காக ஆரம்பித்தாலும், ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் முதல் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வலி விடும், வீக்கம் வடியும், பசி தாங்காது, தூக்கம் ஓடிப்போகும். 40 மி.கி.யிலிருந்து 20க்கு வருவதும் பலருக்குப் பெரிய பாடாக இருப்பதில்லை. வாரத்துக்கு 5 மி.கி. குறைத்தாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். அங்கிருந்து 10 வரை 2.5 மி.கி. படிகள். "இன்னும் ரெண்டு மாத்திரைதானே, விட்டுடலாம்" என்று தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

கணக்கு இதுதான். 40லிருந்து 35க்கு வந்தால் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. 10லிருந்து 5க்கு வந்தால் பாதியே போய்விடுகிறது. இரண்டிலும் குறைத்தது அதே 5 மி.கி. அதோடு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஆரோக்கியமான உடம்பில் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால் (உடம்பின் சொந்த ஸ்டீராய்டு), ப்ரெட்னிசோலோன் கணக்கில் சுமார் 4 முதல் 6 மி.கி.தான். அதற்கு மேல் வாரக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடும். வேலையில்லாத அட்ரினல் சுருங்கும். 10 மி.கி. வரை இந்தக் குறை வெளியே தெரியாது, மாத்திரையே அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கும். 5ஐ நெருங்கும்போதுதான் சுரப்பி விழித்துவிட்டதா இல்லையா என்பது தெரியவரும். விழிக்கச் சிலருக்கு வாரங்கள் போதும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

பாலிமயால்ஜியாவுக்கு 2015இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கக் கூட்டு வழிகாட்டுதல், 10 மி.கி.க்கு வந்த பிறகு நான்கு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் குறைக்கச் சொல்கிறது. மற்ற நோய்களில் திட்டம் மாறும், அதை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் கடைசி 10 மி.கி.க்கு மாதங்கள் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் பொருந்தும். இதற்கு 1 மி.கி. மாத்திரை கையில் இருப்பது அவசியம். 5 மி.கி. மாத்திரையைக் கத்தியால் நாலாக வெட்டினால் எந்தத் துண்டும் சமமாக வராது. குடலில் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரையை வெட்டவே கூடாது. 7லிருந்து 6க்கு ஒரே நாளில் தாவ முடியாதவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பின்பற்றும் ஒரு வழி உண்டு. முதல் வாரம் ஒரே ஒரு நாள் 6, மற்ற நாளெல்லாம் 7. அடுத்த வாரம் ஒட்டாத இரண்டு நாட்கள் 6. அதற்கடுத்த வாரம் நான்கு நாட்கள். நாலாவது வாரம் முழுக்க 6. வேகம்தான் மந்தம், பலன் நன்றாகவே இருக்கிறது.

வேறு ஸ்டீராய்டுக்கு மாறினால் கணக்கும் மாறும். 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்கு ஈடு 4 மி.கி. மெத்தில்ப்ரெட்னிசோலோன், 6 மி.கி. டெஃப்லசகார்ட், 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன். சீட்டு மாறும் நாளில் இதைச் சரிபார்க்காமல் மாத்திரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. வேளையைப் பொறுத்தவரை காலைச் சாப்பாட்டோடு ஒரே தடவையாக எடுப்பது நல்லது. இரவில் எடுத்தால் தூக்கமும் கெடும், விடியற்காலை கார்டிசால் சுரப்பும் அமுங்கும்.

இனி, இறங்குகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம். டோஸ் குறைத்த பிறகு உடம்பு வலிக்கிறது. நோய் திரும்புகிறதா, மருந்து குறைந்ததன் எதிரொலியா, அட்ரினல் பற்றாக்குறையா?

நோய் திரும்பினால் அது பழைய இடத்தில்தான் வாசல் தட்டும். விரல் கணுவில் தொடங்கிய நோய் விரல் கணுவிலேயே வீங்கும், காலை விறைப்பு நாளுக்கு நாள் நீளும், பெரும்பாலும் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை எண்) ஏறும். தானாக அடங்காது. மருந்து குறைந்ததன் எதிரொலி வேறு மாதிரி: குறைத்த சில நாளில் உடம்பு முழுக்கக் குடைச்சல், அசதி, காரணமில்லாத எரிச்சல், அழுகை. வீக்கம் இருக்காது, சி.ஆர்.பி. அசையாது, ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். இந்த வாரத்தில் பயந்துபோய் டோஸை ஏற்றிக்கொள்வதுதான் பலர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம். மூன்றாவதுதான் ஆபத்து. எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குமட்டல், சாப்பாடு இறங்காமல் எடை குறைவது, சர்க்கரை தாழ்வது. காய்ச்சல் வந்தால் சட்டென்று மோசமாகும்.

பிரித்தறிய ஒரு நோட்டு போதும். தேதி, டோஸ், காலை விறைப்பு எத்தனை நிமிடம், எடை, உட்கார்ந்து ஒரு முறையும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம். நின்றதும் மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "போன மாசம் நல்லா இருந்த மாதிரிதான் இருந்துச்சு" என்ற ஞாபகத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

5 மி.கி. பக்கத்தில் வந்ததும் காலைக் கார்டிசால் சோதனை உதவும். முந்தின நாள் காலை மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் கழித்து, எட்டு ஒன்பது மணிக்குள் ரத்தம் கொடுத்து, அதன் பிறகே அன்றைய மாத்திரை. மாத்திரை போட்டுவிட்டுப் போனால், அதுவும் சில சோதனைகளில் கார்டிசாலாகவே எண்ணப்பட்டு முடிவு பொய்யாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் எண்ணை ஏற்றிக் காட்டும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி எழுந்துவிட்டதாகக் கொள்கிறார்கள். 5க்குக் கீழே என்றால் அதே டோஸில் நின்று சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் மெல்லத் தொடர்ந்து, வாரங்கள் கழித்து இன்னொரு சோதனை.

இறக்கம் கவிழ்வதற்கு இன்னொரு பொதுக் காரணம், ஸ்டீராய்டு குறையும்போது நோயை அடக்கிவைக்கத் தரும் துணை மருந்துக்கு நேரம் கொடுக்காதது. வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அசாதயோப்ரினுக்கும் மாதக்கணக்கு. அது பிடிப்பதற்குள் ஸ்டீராய்டைச் சரசரவென்று குறைத்தால் நோயைத் தடுக்க ஆளே இருக்காது. மற்ற மருந்துகளும் குறுக்கே வரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர் அதை உடம்பில் தேக்கும். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அதிக டோஸ் ஸ்டீராய்டு இன்ஹேலரும் கூட ஸ்டீராய்டு கணக்கில்தான் சேரும், அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் கவனிக்க: காலை ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். டோஸ் இறங்கும்போது இன்சுலினையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை வரும். ஸ்டீராய்டால் முகம் உருண்டு உப்பும் 'நிலவு முகம்' மாதங்களில் வடியும். இளைத்த தொடைத் தசை நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியால் மெல்லத் திரும்பும். கண்புரை திரும்பாது, எலும்பு இழப்பு தானாக முழுதும் சரியாகாது. அதனால் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பு மாத்திரை எல்லாம் இறங்கும் காலத்திலும் தொடர வேண்டும்.

நோய் நிஜமாகவே திரும்பினால் 40க்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் கடைசியாக நன்றாக இருந்த டோஸுக்கு ஏறி, சில வாரம் நின்று, இந்த முறை இன்னும் சின்னப் படியாக இறங்கச் சொல்வார்கள். சிலர் 3 அல்லது 5 மி.கி.யில் நின்றுவிடுகிறார்கள். அது தோல்விக் கணக்கில் வராது.

காய்ச்சல் நாளுக்கான ஏற்பாடு முன்னாலேயே எழுத்தில் இருக்க வேண்டும். 10 மி.கி.க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாக, உடம்பு தேறும்வரை தினம் 5 மி.கி. வீதம் இரண்டு வேளை எழுதிக்கொடுப்பார்கள். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் ஒரு முறை திரும்ப எடுக்கலாம். அதுவும் தங்காவிட்டால் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி, உடனே மருத்துவமனை. ஸ்டீராய்டு எடுப்பவர் என்று எழுதிய அட்டை பர்ஸிலேயே இருக்கட்டும். கடைசி மாத்திரை முடிந்த பிறகும் பல மாதங்களுக்கு அதை எடுத்துப்போட வேண்டாம். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்கலோ வந்தால் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.