படுத்துக் கிடக்கும் ஜாக்கி: என் டிப்பிங் டிரெய்லர் அனுபவம்

தொட்டியை முன்பக்கம் தூக்கிச் சுமையைப் பின்னால் கொட்டும் டிப்பிங் டிரெய்லர் என்னுடையது. தொட்டி திரும்பும் பின்பக்கக் கீலின் பின்னும் (அச்சாணி), அதைச் சுற்றிய புஷ்ஷும் மாற்றிப் பட்டறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். இதே மாதிரி டிரெய்லரை நண்பர் ஒருவர் பேசி வைத்திருக்கிறாராம். எடுக்கலாமா என்று கேட்கிறார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேஸ் (அடிச்சட்டம்) இன்றுவரை வளையவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு கிடையாது. அதன் இரண்டு முனையும் அச்சாணியில் தாராளமாகத் திரும்புவதால் ராடு (வெளியே நீளும் தண்டு) பக்கவாட்டில் அழுந்துவதில்லை, எண்ணெயைத் தடுக்கும் சீலும் தேயவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் நிஜமாகவே கைதேர்ந்தவர்கள்.

ஆனால் அந்த ஜாக்கியைப் படுக்க வைத்திருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 100 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 180 பார் எண்ணெய் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் ஜாக்கி தள்ளும் விசை சுமார் 14 டன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொட்டி இறங்கியிருக்கும்போது ஜாக்கி தரைமட்டத்திலிருந்து 20 டிகிரி சாய்வில் மட்டும் கிடந்தால், மேல்நோக்கித் தூக்குவது 4.8 டன்தான். அதே நேரத்தில் கிடைவாக்கில் 13 டன்னுக்கு மேல் பின்பக்கக் கீலைத் தள்ளிக்கொண்டிருக்கும். என் கீல் பின் தேய்ந்தது வேறு எதனால்?

கொடுமை என்னவென்றால், சுமை முழுக்க உட்கார்ந்திருக்கும் முதல் நொடியில்தான் பலம் அதிகமாக வேண்டும், அப்போதுதான் ஜாக்கிக்குப் பலமே இல்லை. ஈர எம் சாண்ட் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டால் அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கத்தும், தொட்டி அசையாது. மண்வெட்டியால் பின்னால் தள்ளிவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஒரு சாண் எழும்பிவிட்டால் சரி, அப்புறம் கவலையில்லை. ஜாக்கி 45 டிகிரிக்கு வரும்போது 10 டன் கிடைக்கிறது, ஆனால் அதற்குள் பாரமே குறைந்துவிடுகிறது.

ஜாக்கியின் அடிமுனையைச் சேஸில் பிடிக்கும் கீழ் பிராக்கெட்டை இறக்கிப் பொருத்தித் தொடக்கக் கோணத்தை 30 டிகிரி ஆக்கியிருந்தால், அதே ஜாக்கி, அதே பம்ப் 7 டன் தூக்கியிருக்கும். ரொம்ப இறக்கினால் வரப்பில் தட்டும், அதுவும் உண்மைதான். அதற்காக இவ்வளவு படுக்க வைப்பதா? டிரெய்லர் கட்டிய இடத்தில் கேட்டால், பெரிய ஜாக்கி போடலாம் என்கிறார்கள். பெரிதாகப் போட்டால் கீலுக்கு அடி இன்னும் கூடும்!

இத்தனை நல்லதைச் சொன்ன பிறகும் என் பதில்: எடுக்காதீர்கள். முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் டெலஸ்கோப்பிக் ஜாக்கி (குழாய்க்குள் குழாயாக நீள்வது) வைத்ததாகப் பாருங்கள். விலை கூடத்தான் செய்யும். இதுதான் வேண்டும் என்றால், தொட்டி இறங்கியிருக்கும்போது குனிந்து ஜாக்கியின் சாய்வைப் பாருங்கள். 30 டிகிரிகூட இல்லையென்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.