பெண்பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைக் காட்டும் உலக வங்கித் தரவுப் பக்கம்: ஒரு கணக்கு டீச்சரின் மதிப்பீடு

உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். புள்ளியியல் பாடம் வரும்போது புத்தகத்தில் உள்ள மழை அளவுக் கணக்குகளோடு நிறுத்தாமல், உலக வங்கியின் திறந்த தரவுத் தளத்தைப் பெரிய திரையில் திறந்து வைப்பது என் வழக்கம். அதிலும் நான் திரும்பத் திரும்பப் போவது, இடைநிலைக் கல்வியில், அதாவது தொடக்கப் பள்ளிக்கு மேற்பட்ட பள்ளி வகுப்புகளில், பெண்கள் சேர்க்கை என்ற பக்கத்துக்குத்தான். வேறு எந்தத் தரவைக் காட்டினாலும் பிள்ளைகள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. திரையில் இருக்கும் எண்ணுக்குள் தாங்களும் ஒருத்தி என்பது அவர்களுக்குப் புரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, பதிவு செய்துகொள்ளவும் வேண்டாம். நாட்டின் பெயரைக் கொடுத்தால் கோட்டுப்படம் வந்துவிடும். அதையே பட்டைப் படமாகவோ உலக வரைபடமாகவோ மாற்றிப் பார்க்கலாம், எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சேர்க்கை எண்களை நாடுகளிடமிருந்து வாங்கித் தொகுப்பது மாண்ட்ரியாலில் இருக்கும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம். இறக்கிய கோப்பில் ஆண்டுகள் 1960இல் ஆரம்பிக்கும், ஆனால் சேர்க்கை எண்கள் 1970இலிருந்துதான். முதல் பத்துக் கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

வகுப்பில் நான் முதலில் எடுப்பது பங்களாதேஷ். 1994இல் அந்த நாடு கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகாமல் இருப்பது. மூன்றாவதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். பணம் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் போடப்பட்டது என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடும். இன்று அங்கே இடைநிலைப் பள்ளிகளில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளே அதிகம். கோடு ஏறியதற்கு உதவித்தொகை ஒன்றே காரணம் என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை. பள்ளிகள் பெருகின, பிள்ளைப்பேறு குறைந்தது, ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்களுக்கு வேலை வந்தது. எந்தக் காரணம் எவ்வளவு என்பதைக் கோடு பிரித்துச் சொல்லாது. ஆனால் கேள்வி கேட்க வைக்கும், அதுவே எனக்குப் பெரிய உதவி.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே எண்கள் சதவீதத்தில் இருக்கும், ஆனால் சில நாடுகளுக்கு அது 100ஐத் தாண்டும். "மிஸ், நூறு பேர் இருக்கிற இடத்துல நூற்றிப் பத்துப் பேர் எப்படிப் படிப்பாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. அங்கே இருப்பது மொத்தச் சேர்க்கை விகிதம். அது ஒரு பின்னம். மேலே உள்ள எண்ணில் எந்த வயதானாலும் அந்த வகுப்புகளில் படிப்பவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். கீழே உள்ள எண்ணில் அந்த வகுப்புகளுக்கு உரிய வயதுப் பிள்ளைகள் மட்டும்தான். தாமதமாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணும், தோற்றுத் தோற்று உரிய வயது தாண்டியும் அங்கேயே உட்கார்ந்தவளும் மேலே உண்டு, கீழே இல்லை. அதனால் ஒரு நாட்டின் கோடு ஏறுகிறது என்றால் புதிதாகப் பிள்ளைகள் வந்திருக்கலாம், தேங்கியும் இருக்கலாம். கீழே உள்ள எண் மக்கள்தொகை மதிப்பீட்டிலிருந்து வருவது. ஐ.நா. அந்த மதிப்பீட்டை 2022இலும் 2024இலும் புதுப்பித்தது. அப்படிப் புதுப்பிக்கும்போது பழைய ஆண்டுகளின் விகிதங்களும் மாறக்கூடும். படத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுபவர்கள் இறக்கிய தேதியையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பாலினச் சமத்துவக் குறியீடு. இதுவும் அதே தளத்தில் தனிப் பக்கமாக இருக்கிறது. பெண்களின் விகிதத்தைப் பையன்களின் விகிதத்தால் வகுத்தால் வருவது. 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருந்தால் சமம் என்று கொள்வார்கள். இதை மட்டும் தனியாகக் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். 40 சதவீதப் பையன்களும் 20 சதவீதப் பெண்களும் படிக்கும் நாட்டில் குறியீடு 0.5. பெண்கள் அப்படியே இருக்க, பையன்கள் 20க்கு இறங்கினால் குறியீடு 1. ஒரு பெண்பிள்ளைகூடக் கூடுதலாகப் பள்ளிக்கு வரவில்லை, சமத்துவம் வந்தாயிற்று! ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவில் குறியீடு 1க்கு மேலே இருக்கிறது. பையன்கள் ஆடுமாடு மேய்க்கப் போய்ப் பள்ளியை விடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் பெண்கள் கோட்டையும் ஆண்கள் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அப்புறம் குறியீட்டைப் பாருங்கள்.

ஆப்கானிஸ்தானைத் திறக்கும்போது மட்டும் நான் படத்தை விட்டுவிட்டுத் தேதிகளைப் பேசுவேன். 1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சியில் பெண்பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்குத் தடை. தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 2021 செப்டம்பரில் இடைநிலைப் பள்ளிகள் பையன்களுக்கு மட்டும் திறந்தன. 2022 மார்ச்சில் பெண்பிள்ளைகளுக்கும் திறப்பதாகச் சொல்லி, அவர்கள் பையோடு வந்த அன்றே திருப்பி அனுப்பினார்கள். சேர்க்கைத் தரவு எப்போதும் ஓரிரு வருடம் பின்தங்கியே வரும், சில நாடுகளுக்கு இன்னும் அதிகம். கோட்டின் கடைசிப் புள்ளி எந்த வருடத்தது என்று பார்க்காமல் "இப்போதைய நிலை" என்று யாரும் பேசக் கூடாது.

மொழி பெரிய குறை. ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, அரபு, சீனம் இருக்கின்றன, தமிழ் இல்லை. விளக்கக் குறிப்புகளை நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கு தெரிந்த பிள்ளைகூட அந்தக் குறிப்பைத் தனியாகப் படிக்கத் தயங்குகிறது.

இன்னொன்று, சேர்க்கை என்பது பெயர் பதிவு. நடுவில் நின்றவள், படித்து முடித்தவள் என்று இந்தக் கோடு பிரிக்காது. அதற்கு யுனெஸ்கோவின் உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கைக் குழு நடத்தும் கல்வி ஏற்றத்தாழ்வுத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே கிராமம், நகரம், குடும்ப வசதி என்று பிரித்து, எத்தனை பெண்பிள்ளைகள் படிப்பை முடித்தார்கள் என்று பார்க்கலாம். வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்வது அது. அவற்றில் முக்கியமான ஒன்றான மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கான நிதியை அமெரிக்க அரசு 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. அந்தத் தளத்தில் ஒரு நாட்டைத் திறந்ததும் கணக்கெடுப்பு நடந்த வருடத்தை முதலில் பாருங்கள்.