ஃப்ரீஃபைல்சிங்க்: பென்டிரைவ் பேக்கப்புக்குத் தேறுமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலைக் கணக்கு, காட்டேஜ் புக்கிங், ஸ்டூடியோ போட்டோ என எதுவானாலும் பேக்கப் என்றால் இன்னும் பென்டிரைவ்தான். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் நெட்டும் கூடவே போய்விடுகிறது. ஆனால் வாராவாரம் மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்வது வீண் வேலை. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவில் 20 ஜிபி ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற சாஃப்ட்வேர் மாறியதை மட்டும் ஏற்றும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

மலைக்கு இது பொருந்த முக்கியக் காரணம், எழுதும் விதம். புது ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக ஏறிய பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் பழைய பிரதி அப்படியே இருக்கும். இருந்தாலும் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் பென்டிரைவை என்டிஎஃப்எஸ் (NTFS) என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் வசதி இல்லாததால் எழுதும்போது அணைந்தால் ஃபைல் அட்டவணையே கெடலாம். பழைய ஃபேட்32 (FAT32) முறை வேண்டவே வேண்டாம். 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைல், வீடியோவானாலும், அதில் ஏறாது.

சிக்கல், கம்ப்யூட்டரில் இருப்பதைப் போலவே பென்டிரைவையும் ஆக்கும் 'மிரர்' முறையில். கம்ப்யூட்டரில் தவறுதலாக அழித்ததைப் பென்டிரைவிலும் அழித்துவிடும். பென்டிரைவில் பொதுவாக ரீசைக்கிள் பின்னும் இருக்காது, போனது போனதுதான். ஆகவே புதியதையும் மாறியதையும் மட்டும் ஏற்றும் 'அப்டேட்' முறை போதும். அது எதையும் அழிக்காது. மிரர்தான் வேண்டுமென்றால் 'வெர்ஷனிங்'கை இயக்கி, அழிபவை வேறொரு ஃபோல்டருக்குப் போகும்படி வையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் 'கம்பேர்' பட்டனை அழுத்தியதும் நடு வரிசையைப் பாருங்கள். குப்பைத்தொட்டிக் குறி வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் 'சிங்க்ரனைஸ்' பக்கம் கை போகக் கூடாது.

டிரைவ் எழுத்து இன்று ஈ, நாளை எஃப் என மாறுவதால் சேமித்த செட்டிங் தடுமாறும். எழுத்துக்குப் பதில் பென்டிரைவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டு பென்டிரைவுக்கும் ஒரே பெயர் வைத்து மாற்றி மாற்றிச் செருகினால் ஒரே செட்டிங் இரண்டுக்கும் போதும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகச் செருகாதீர்கள்.

கணக்கு சாஃப்ட்வேரான டேலியை மூடிவிட்டுத்தான் பேக்கப் எடுக்க வேண்டும். திறந்திருந்தால் சில ஃபைல் பழையதும் சில புதியதுமாக ஏறிக் கணக்கு ஒட்டாமல் போகும்.

ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களில் இதுவும் மெதுவாகத்தான் போகிறது. அது பென்டிரைவின் குணம், சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய வருடக் கணக்கை ஒரே ஜிப்பாக்கிவிடுங்கள். யூஎஸ்பி 3 பென்டிரைவை நீல நிற போர்ட்டில் செருகுங்கள்.

மாதம் ஒருமுறை பென்டிரைவை எஜெக்ட் செய்து கழற்றி, மறுபடி செருகி, ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'ஃபைல் கன்டென்ட்' முறையில் கம்பேர் ஓட்டிப் பிரதி சரியா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் சிஸ்டம் தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். ஆடி மாத ஈரத்துக்கு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுகிய டப்பா போதும்.