8,000 ரூபாயில் கட்டிய ஸ்பீக்கர் ஜோடி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சென்னை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், நானே வடிவமைத்துக் கட்டிய ஸ்பீக்கர் ஜோடியை ஆறேழு ஆண்டுகளாக நாள்தோறும் கேட்டு வருகிறேன். தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குலப் பட்டு டோம் ட்வீட்டர், போர்ட் என்னும் காற்றுக் குழாய் வைத்த 20 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி, இவ்வளவுதான் அமைப்பு. மொத்தச் செலவு ஏறத்தாழ 8,000 ரூபாய். அதில் பாதிக்கும் குறைவாகவே சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய டிரைவர்களுக்கு, அதாவது வூஃபருக்கும் ட்வீட்டருக்கும், போயிற்று. மீதி பெட்டிக்கும், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றுக்கும் ஆனது. குறைந்த செலவில் கட்டுபவர் பணத்தை இப்படிப் பங்கிடுவதே சரி என்பது, இத்தனை ஆண்டுகளில் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகியிருக்கிறது.

கடைகளில் வூஃபரின் முதுகில் வாட் கணக்குதான் பெரிதாக அச்சாகியிருக்கும், பி.எம்.பி.ஓ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் போடுவோரும் உண்டு. பெட்டி வடிவமைப்புக்கு அந்த எண் எதற்கும் உதவாது. தேவைப்படுபவை, வூஃபர் ஒரு பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட உதவும் தீல்-ஸ்மால் அளவுகள்: நெவில் தீல் 1961இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட ஆய்விலும், அதைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவற்றிலும் வகுக்கப்பட்டவை. மலிவு டிரைவர்களோடு இந்த அளவுகள் வருவதில்லை என்றாலும், வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். ஆம்ப்ளிஃபையருக்கும் வூஃபருக்கும் இடையில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, கைப்பேசிச் செயலியிலிருந்து ஒவ்வோர் அதிர்வெண்ணாகக் கொடுத்து, வூஃபரின் முனைகளில் மின்னழுத்தம் எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்தால் ஒத்ததிர்வு, அதாவது கூம்பு இயல்பாகவே அதிரும் அதிர்வெண், தெரிந்துவிடும். பிறகு, எடை தெரிந்த சிறு களிமண் உருண்டையைக் கூம்பில் ஒட்டி மீண்டும் அளந்தால், கூம்பின் எடையையும் அதைத் தாங்கும் அமைப்பின் இளக்கத்தையும் கணக்கிடலாம். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதன்று. என் வூஃபரின் ஒத்ததிர்வு 48 ஹெர்ட்ஸ் என்பதால் அது தடையாகவில்லை. இந்த எண்களை வின்-ஐ.எஸ்.டி என்னும் இலவச மென்பொருளில் இட்டு, பெட்டியை 45 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தேன். உள்விட்டம் 5 செ.மீ. உள்ள பி.வி.சி குழாய் 11 செ.மீ. நீளத்தில் அதற்குப் போதுமானதாக இருந்தது.

பெட்டிக்கு, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அறுப்பதற்கு எளிது, ஒலிக்கும் நல்லது. ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் அதன் வெட்டு விளிம்புகள் ஊதிவிடும். கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர் தர 18 மி.மீ. பிளைவுட்டை வாங்கி, பலகை விற்ற கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கினேன். இன்றுவரை ஒரு மூட்டுகூட விலகவில்லை. உள்ளே திணிக்கத் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே போதும். இலவம் பஞ்சு ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்தே அழைத்து வரும்.

கிராஸ்ஓவரில்தான் மலிவு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தோற்கின்றன. ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு, வூஃபரை நேராக இணைத்துவிடும் பலகைகளே கடைகளில் மிகுதி. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்கிய கிராஸ்ஓவர் முறையின் இரண்டாம் வரிசை வடிவத்தை (ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு காயில்) 3,000 ஹெர்ட்ஸுக்கு எடுத்துக்கொண்டால், எட்டு ஓம் கணக்கில் 3.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 0.85 மில்லிஹென்றி காயிலும் வரும். ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி இணைக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே, ஏனெனில் எந்த வூஃபரும் எல்லா அதிர்வெண்ணிலும் எட்டு ஓம் காட்டாது. காயிலுக்கான எனாமல் கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. இரும்புக் கரு இல்லாமல் சுற்றியதால் ஒலியைக் கூட்டினாலும் அது பூரிதமடைந்து ஒலியைச் சிதைப்பதில்லை. பெட்டியின் முகப்பு 24 செ.மீ. அகலம் என்பதால், ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்பக்கம் மட்டும் செல்லாமல் பெட்டியைச் சுற்றிப் பரவி, அறையின் நடுவில் கேட்பவருக்கு மெலிகிறது. இதனால் உயர்ந்த ஒலி ஓங்கித் தெரிவதால், ட்வீட்டரை இரண்டு ரெசிஸ்டர்களால் நன்றாகவே அடக்காவிட்டால் பாடகரின் 'ச'வும் 'ஸ'வும் காதைக் குத்தும். கடையில் கேட்கும்போது பளிச்சென்று தோன்றும் ஸ்பீக்கர்கள் வீட்டில் சலித்துப்போவதற்கு இந்த அடக்கம் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆண்டுகள் செல்லச் செல்ல முதலில் கெட்டவை மிகச் சிறியவை. அமுக்கிச் செருகும் ஸ்பிரிங் முனையங்கள் உப்புக்காற்றில் களிம்பேறி ஒரு பக்கம் விட்டுவிட்டு ஒலித்தது. திருகு முனையங்கள் போட்டதும் சரியாயிற்று. வூஃபர் பக்கம் போட்டிருந்த நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், கழற்றி அளந்தபோது தன் மதிப்பிலிருந்து கணிசமாக விலகியிருந்தது. ட்வீட்டரின் ஃபிலிம் கெப்பாசிட்டர் அப்படியே இருந்தது. கூம்பின் விளிம்பு ரப்பர் என்பதால் வெடிப்பில்லை. ஃபோம் விளிம்புள்ள வூஃபர் நம் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடியாக உதிர்வதைப் பழைய பெட்டிகளைத் திறந்தவர்கள் அறிவார்கள். போர்ட் வழியே பல்லி ஒன்று குடியேறியதும் உண்டு. குழாயின் உள்முனையில் கொசுவலைத் துண்டு கட்டிய பின் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஒலியைப் பற்றிச் சொல்வதானால், குரலும் வயலினும் இந்த விலைக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிட இயல்பாகவே வருகின்றன. மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியே கேட்கின்றன. மிக அடர்த்தியான திரையிசையில் நடுப்பகுதி சற்றுக் கலங்குகிறது. அதற்கு மலிவு வூஃபரே பொறுப்பு, கிராஸ்ஓவரால் அதைத் திருத்த முடியவில்லை. 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் விழுவதோடு, பெட்டிக் காற்றின் பிடி இல்லாமல் கூம்பு வெறுமனே முன்னும் பின்னும் ஆடத் தொடங்குகிறது. எனவே பேஸ் குமிழை முழுதும் திருப்பிக் கேட்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த அமைப்பு ஏற்றதன்று. அவர்கள் போர்ட் இல்லாத மூடிய பெட்டியைத் தேர்ந்தால் சரிவு ஆக்டேவுக்கு 12 டெசிபலாகக் குறையும், வூஃபரும் தப்பும். அடுத்து நான் கட்டவிருப்பதும் மூடிய பெட்டிதான். அதற்கான பலகையை வாங்கி வைத்திருக்கிறேன், வூஃபர் இன்னும் முடிவாகவில்லை.