ரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா?

சிறுநீரகம் பழுதாகி, அதற்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னதும் எல்லோர் மனதிலும் வருவது ஒரு மிஷின், ஒரு கட்டில், கையில் இரண்டு ஊசி. வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் இன்னொரு வழி இருப்பது பலருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. எது ஆயுளைக் கூட்டும் என்று கேட்டால், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றாட வாழ்க்கைதான் அடியோடு மாறுகிறது. அதை வைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் திரவம். யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள், பொட்டாசியம் எல்லாம் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குக் கசிந்துவிடும். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செய்த முதல் கருவியில் அந்தச் சவ்வு செல்லோஃபேன் குழாய். இன்றைய ரத்த டயாலிசிஸில் முடிபோன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் அடைத்த ஃபில்டர். வயிற்று டயாலிசிஸில் குடலைச் சுற்றியிருக்கும் நம் சொந்தச் சவ்வே ஃபில்டர். எதுவானாலும் நல்ல சிறுநீரகத்தின் வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் செய்யும். ரத்தம் ஊறவைக்கும் ஹார்மோனை இரண்டுமே சுரக்காது. ஆகவே ரத்தசோகைக்கான ஊசியும் பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையும் பெரும்பாலும் எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும்.

ரத்த டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அதற்குமுன் கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போடவேண்டும். 1966இல் வந்த இந்த முறையை மிஞ்ச இன்றுவரை ஒன்றும் இல்லை. சிரை தடித்து ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வர ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். மேலே விரலை வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கவேண்டும். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது.

டயாலிசிஸ் மையத்துக்குள் போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். 'ட்ரை வெயிட்' என்று ஒன்று குறித்து வைத்திருப்பார்கள்: உடம்பில் உபரி நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை. அதற்குமேல் ஏறியிருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டு ஊசி குத்தும்போது சுருக்கென்று வலிக்கும், ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் அதிகமாகவே. உடம்பிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிவிடுவார்களோ என்று பயப்படுபவர்கள் உண்டு. எந்த நேரத்திலும் வெளியே சுற்றுவது ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான். சிரமம் தண்ணீர் எடுப்பதில் இருக்கிறது. இரண்டு நாளில் சேர்ந்த 3 லிட்டரை 4 மணி நேரத்தில் இழுத்தால் பிபி இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், வியர்த்துக் கொட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். முடிந்து வந்தபின் அடித்துப் போட்டதுபோல் அசதி. பலருக்கு அன்றைய பொழுது தூக்கத்திலேயே போய்விடும். மறுநாள் தேறிவிடுவார்கள். வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளிதான் இதயத்துக்கு ஆபத்தான நேரம். தண்ணீரிலும் பொட்டாசியம் மிகுந்த பழங்களிலும் இவ்வளவு கெடுபிடி செய்வது அதனால்தான்.

வயிற்று டயாலிசிஸில் ஊசி கிடையாது. தொப்புளுக்குக் கீழே மென்மையான ஒரு குழாயைப் பொருத்தி, பொதுவாக இரண்டு வாரம் ஆறவிட்டு, பயிற்சி கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு சுமார் 2 லிட்டர் திரவம். சில மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு வடித்துப் புதிதாக நிரப்பவேண்டும். ஒரு மாற்றத்துக்கு அரை மணி நேரம் போல, பெரும்பாலும் நாளுக்கு 4 முறை. இடையில் குழாயை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போகலாம். இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூங்கும்போதே மிஷின் மாற்றிக்கொடுக்கும் முறையும் இருக்கிறது. மெதுவாக நாள் முழுக்க நடப்பதால் பிபி சட்டென்று விழுவது அரிது, உணவுக் கட்டுப்பாடும் கொஞ்சம் தளர்வு. மிச்சமிருக்கும் சிறுநீர் கூடுதல் காலம் போகவும் வாய்ப்பு அதிகம். தினம் அரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கும் அறவே போகாதவருக்கும் வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம் என்பது இரண்டையும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கும் விலை உண்டு. திரவத்தில் உள்ள சர்க்கரைதான் தண்ணீரை இழுக்கிறது. அதில் கொஞ்சம் உடம்பிலும் ஏறும். எடை கூடும், நீரிழிவுக்காரர்களுக்கு மருந்தை மாற்றவேண்டி வரலாம். புரதம் வெளியேறுவதால் கூடுதலாகப் புரதம் சாப்பிடவேண்டும். மலச்சிக்கல் வந்தால் திரவம் வடியாமல் மல்லுக்கட்டும். இவற்றையெல்லாம்விட பெரிய பயம் வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று. கை கழுவி, முகக்கவசம் போட்டு, விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தித்தான் பையை மாற்றவேண்டும். வடிந்த பைக்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தை வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் கலங்கலாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அந்தப் பையோடு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இன்னொன்று: இதற்கு விடுமுறை நாளே கிடையாது. கூட இருந்து செய்பவருக்கும் அலுப்பு தட்டும்.

வயிற்றில் பல அறுவைசிகிச்சை ஆனவர்கள், சரிசெய்யாத குடலிறக்கம் உள்ளவர்கள், கை நடுங்கி உதவிக்கும் ஆள் இல்லாதவர்கள் ரத்த டயாலிசிஸ் பக்கம் போவதே மேல். சிறுநீர் இன்னும் போகிறது, இதயம் பலவீனம், மையம் தூரம், வேலையை விடமுடியாது என்பவர்கள் வயிற்று டயாலிசிஸில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். சில வருடத்தில் சவ்வு தளர்ந்தால் ரத்த டயாலிசிஸுக்கு மாறிக்கொள்ளலாம். எதில் இருந்தாலும் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வாசல் அடைபடாது. தகுதி இருந்தால் அதுதான் இரண்டையும்விட நல்லது. மிகவும் முதியவர்கள், வேறு நோய்களால் தளர்ந்தவர்கள் டயாலிசிஸே வேண்டாம் என்று சொல்லி, மருந்தால் மட்டும் தொந்தரவைக் குறைத்துக்கொள்வதும் மருத்துவம் ஏற்கும் வழிதான்.

இந்தத் தேர்வெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு. மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குழாயில் தொற்று அபாயம் ஃபிஸ்டுலாவைவிட அதிகம். ஆகவே சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஜிஎஃப்ஆர் என்ற எண் 20ஐ நெருங்கும்போதே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பேச்சைத்தான், சிகிச்சையை அல்ல. தொந்தரவு இல்லாதவருக்கு எண்ணை மட்டும் பார்த்து முன்கூட்டியே டயாலிசிஸ் தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. அதுவரை, அதிகம் புழங்காத கையின் சிரைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்க வருபவர்களிடம் மற்ற கையின் புறங்கையை நீட்டுங்கள்.